மூன்று மாதத் தவணையில் ஓர் ஆயுள்

மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தொழுநோயாளருக்கென்று அங்கே ஒரு வைத்தியசாலையை அமைத்தார்கள். தோணியில் ஏற்றிப்போய் அந்தக் கரையில் இறக்கப்பட்டவர்களுள் பலர் மறுபடி ஊர் திரும்பவில்லை. இருபது வருடம், முப்பது வருடம் என்று அந்தத் தீவிலேயே சமைத்து, தோட்டம் செய்து, பிரார்த்தித்து, மூப்படைந்து இறந்தார்கள். ஒரு நோயோடு நெடுங்காலம் உயிர்வாழ்வது எப்படியிருக்கும் என்பதை இந்த வாவிக்கரைச் சனங்கள் முதன்முதலில் கண்டது அங்கேதான். அதுவும் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றபடி.

பிறகு மருந்து வந்தது. 1940களில் சல்போன் வகை மருந்துகள் வந்தன. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. குளிசையை ஒழுங்காக விழுங்கி முடித்தால் தொழுநோய் தீர்ந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டது. 1995இல், தொழுநோய் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையல்ல என்று சொல்லக்கூடிய எல்லையை இலங்கை எட்டியது. ஆனால் கிருமி போனபின்னும் மாந்தீவை விட்டுப் போக இடமில்லாமல் சிலர் அங்கேயே தங்கியிருந்தார்கள். வீட்டார் அவர்களை இறந்தவர்களாக எண்ணிப் பழகிவிட்டிருந்தார்கள். மருந்து உடலுக்கு வந்து சேர்ந்த வேகத்தில் ஊருக்கு வந்து சேரவில்லை.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் நுரையீரல் புற்றுநோய். இந்த நோய் தொற்றாது. நோயாளரை எவரும் தீவுக்கு அனுப்புவதுமில்லை. ஆனால் தொழுநோயைப் போலவே, இதன் காலக்கணக்கும் நம் தலைமுறையிலேயே மாறிவிட்டது. மாறியதை நம் வைத்தியசாலைகளும் குடும்பங்களும் பொதுப்பேச்சும் இன்னும் உள்வாங்கவில்லை என்பதே என் கவலை.

இந்த நோய்க்கு நம் ஊரில் ஒரே கதைதான் இருந்தது. இருமல் நிற்காது. முட்டு வருத்தம் என்றும் சயரோகம் என்றும் மருந்து எடுப்பார்கள். சளியில் இரத்தம் காணும், ஆள் மெலிவார், மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். "மகரகமைக்குக் கொண்டு போயிட்டாங்களாம்" என்று அயலில் சொன்னாலே மிச்சக் கதை எல்லோருக்கும் விளங்கிவிடும். கரண்ட் பிடிப்பார்கள் (கதிர்வீச்சுச் சிகிச்சை), மருந்து ஏற்றுவார்கள், சில மாதங்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அத்தோடு முடிந்தது.

இந்தக் கதை பொய்யல்ல. பெரும்பாலானோருக்கு இன்றும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. உலகில் மிக அதிகம்பேரைக் கொல்லும் புற்றுநோய் இதுவே: 2022இல் மட்டும் சுமார் 25 இலட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது, 18 இலட்சம் பேர் இறந்தனர். நுரையீரலின் உள்ளே வலியை உணரும் நரம்புகள் கிடையாது. கட்டி அங்கே சத்தமில்லாமல் வளர்ந்து, வெளியுறையையோ எலும்பையோ மூளையையோ தொட்ட பிறகுதான் உடம்பு முறையிடத் தொடங்குகிறது. அதனால்தான் பெரும்பாலும் பிந்தியே பிடிபடுகிறது.

ஆனால் இந்தக் கதைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் தொடங்கியிருக்கிறது. நோய் கண்டு ஐந்து வருடம், ஏழு வருடம், சிலவேளை பத்து வருடத்துக்கும் மேலாக உயிரோடிருப்பவர்களின் கதை. அவர்களுக்கு வருத்தம் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. அடங்குகிறது, திரும்ப வருகிறது, மருந்தை மாற்ற மறுபடி அடங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அதன் முடிவைக் கையில் வாங்கும்வரை ஒரு மனநிலை, வாங்கிய பின் இன்னொன்று. நாள்காட்டியில் பொங்கலும் ஆடி அமாவாசையும் இருக்கிற மாதிரி, அவர்களுக்கு ஸ்கேன் திகதிகளும் இருக்கின்றன.

இந்தக் கதையின் முதல் மனிதர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து மகப்பேற்று வைத்தியர் ஜேம்ஸ் கில்மோர். 1933 ஏப்ரல் 5ஆம் திகதி, செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவருடைய இடது நுரையீரலை முழுமையாக வெட்டி எடுத்தார். புற்றுநோய்க்காக ஒரே தடவையில் முழு நுரையீரலையும் அகற்றி ஒருவர் பிழைத்தது அதுவே முதல்தடவை. சத்திரசிகிச்சைக்கு முன் ஊருக்குப் போய்வந்த கில்மோர் பல்லுக்கு அடைப்பும் வைத்துக்கொண்டார், மயானத்தில் நிலமும் வாங்கிவைத்தார் என்று சொல்லப்படுகிறது. பிழைத்தால் பல் வேண்டும், பிழைக்காவிட்டால் நிலம் வேண்டும். நுரையீரல் புற்றுநோயோடு நீடித்து வாழ்பவர் மனதில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு எண்ணங்களை இதைவிடத் தெளிவாக எவரும் செய்துகாட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கில்மோர் அதற்குப் பிறகு முப்பது வருடம் வாழ்ந்தார். சத்திரசிகிச்சை செய்த கிரஹாமோ கடும் புகைப்பழக்கமுள்ளவர். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து 1950இல் அவரே எழுதி வெளியிட்டார். பின் பழக்கத்தையும் விட்டார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. 1957இல் அதே நோயால் இறந்தார். நோயாளி அவரைவிட ஆறு வருடம் கூடுதலாக வாழ்ந்து 1963இல் மறைந்தார்.

கில்மோருக்குப் பிறகு நெடுங்காலம் பெரிய மாற்றமில்லை. வெட்டி எடுக்கக்கூடிய நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் தப்பினார்கள். மற்றவர்களுக்கு பிளாட்டினம் வகை மருந்துகள் சில மாதங்களைக் கூட்டிக் கொடுத்தன. திருப்பம் 2004இல் வந்தது. ஜெபிட்டினிப் என்ற குளிசை சிலருக்கு மட்டும் வியக்கத்தக்க அளவில் வேலைசெய்வது ஏன் என்று தேடிய பொஸ்டன் ஆய்வாளர்கள், அவர்களுடைய கட்டிகளில் ஈ.ஜி.எப்.ஆர். என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். அந்த மாற்றம் உள்ள கட்டிக்கு, வளரச்சொல்லும் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டேயிருக்கும்; குளிசை அந்தக் கட்டளையை அடைக்கிறது. புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் ஆசியரிடமும் இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. கிழக்காசியாவில் நுரையீரலின் சுரப்பிவகைப் புற்றுநோயாளரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது உண்டு. தெற்காசியாவில் கால்வாசிக்குச் சற்றுக் கூடக்குறைய. 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏ.எல்.கே. என்ற இன்னொரு மாற்றத்தைக் கண்டார்கள். அதற்குரிய புதிய குளிசைகளுள் ஒன்றான லோர்லாட்டினிப் பற்றி 2024இல் வெளிவந்த ஐந்து வருட முடிவு, முன்பு எவரும் எதிர்பார்க்காதது: அதை எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஐந்து வருடம் கழிந்தும் நோய் மேலும் முன்னேறவில்லை.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தடைநீக்கி ஏவிவிடும் மருந்துகள் 2015 முதல் இந்த நோய்க்கு வந்தன. அவற்றுக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். தகுந்த குறியீடு கட்டியில் அதிகமாக உள்ள, நோய் பரவிவிட்ட நிலையிலுள்ளவர்களில் பெம்ப்ரோலிசுமாப் எடுத்தோருள் ஏறக்குறைய 32 சதவீதம் பேர் ஐந்து வருடத்தின் பின்னும் உயிரோடிருந்தார்கள். பழைய முறையில் மருந்து ஏற்றத் தொடங்கியவர்களில் 16 சதவீதம்.

இத்தனைக்கும் நடுவில் அந்தத் திரும்பி வருதல் ஏன் நிகழ்கிறது? ஒரு கட்டியில் கோடிக்கணக்கான கலங்கள் உண்டு. எல்லாம் ஒரேமாதிரி இல்லை. குளிசை பெரும்பாலானவற்றை அழிக்க, அதற்கு வளையாத சில மிஞ்சுகின்றன. மாதங்களோ வருடங்களோ கழித்து அவை பெருகுகின்றன. முதல் தலைமுறைக் குளிசைகளை எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இப்படி மீண்டபோது, அதே மரபணுவில் இன்னொரு புதிய மாற்றம் காரணமாயிருந்தது. அதற்காகவே செய்யப்பட்ட ஒசிமெர்ட்டினிப் 2015இல் வந்தது. அதையும் தாண்டும் கலங்கள் உண்டு. பல மருந்துகள் எளிதில் நுழையாத இடமாகையால், மூளையில் போய் ஒளியும் கலங்களும் உண்டு. அப்போது அந்த இடத்துக்கு மட்டும் குறிவைத்துக் கரண்ட் பிடிக்க வேண்டிவரும். ஆக, இந்த நோயோடு நெடுங்காலம் வாழ்வதென்றால் அடுத்தடுத்த மருந்துகள் வந்துகொண்டேயிருக்க வேண்டும். ஒரு மருந்து தீரும்போது அடுத்தது கையில் இருந்தால் வாழ்வு நீளும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் நின்றுவிடும்.

பால் கலாநிதி என்ற தமிழ் வேருள்ள அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை வைத்தியரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். புகைப்பழக்கம் இல்லாத அவருக்கு 2013 மே மாதம், 36ஆம் வயதில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஈ.ஜி.எப்.ஆர். மாற்றமும் இருந்தது. குளிசை அவரை மறுபடி சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அனுப்பிவைத்தது, பயிற்சியை முடித்தார், ஒரு பெண்குழந்தைக்குத் தந்தையானார். பிறகு நோய் மீண்டது. 2015 மார்ச் 9ஆம் திகதி இறந்தார். அவரது நூல் அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்தது. அந்த இருபத்திரண்டு மாதங்களில் அவர் சாகக் காத்திருக்கவுமில்லை, குணமாகிவிட்டதாக எண்ணவுமில்லை. எவ்வளவு காலம் மிச்சமென்று தெரியாதபோது எந்த வேலையைத் தொடங்குவது என்பதே அவரை வருத்திய கேள்வி. நம் பக்கத்தில் வயல்செய்கிறவர்களுக்கும் இதே கேள்விதான்: மாரிப்போகத்துக்கு விதைப்பதா, காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதா?

இனி இங்கே வருவோம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயது. சுருட்டோ பீடியோ தொட்டதில்லை. நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்திருக்கிறார். இருமலோடு கிராமத்து வைத்தியசாலைக்குப் போகிறார். அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஸ்கேன், ஊசியால் சதைத்துண்டு எடுத்தல். வார்ட்டில் மறித்து வைக்கிறார்கள். புற்றுநோய் என்று முடிவாகிறது. அடுத்து அறியவேண்டியது, எந்த மரபணு மாற்றம் என்பது. அந்தப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் கொழும்பைத்தான் நம்பியிருக்கிறோம். குளிசையால் ஐந்து வருடம் வாழக்கூடியவரா, மருந்து ஏற்றவேண்டியவரா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு சோதனை. இது செய்யப்படாமல் போனால், பின்னால் வரும் விஞ்ஞானம் எதுவும் அவருக்குப் பயன்படாது. என் பார்வையில், கிழக்கில் ஒருவருடைய ஆயுள் நீளுமா என்பது கூடுதலாக முடிவாகும் இடம் இதுதான். சத்திரசிகிச்சைக் கூடமோ கதிர்வீச்சுப் பொறியோ கண்ணில் படுகிறது. ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேராத சதைத்துண்டு எவர் கண்ணிலும் படுவதில்லை.

தூரத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியின் எந்த நோயையும் பேச முடியாது. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். போர்க்காலத்தில் அந்த ரயில் சில வருடங்கள் மட்டக்களப்பை எட்டவேயில்லை; மன்னம்பிட்டி வழியாகப் பஸ்ஸில் போனவர்கள் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்தபடி அடையாள அட்டையையும் காட்டினார்கள். படுவான்கரையிலிருந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வருவதே அப்போது ஒரு பயணம். 2007இல் போரினால் படுவான்கரைச் சனம் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து வந்தபோது கிளினிக் கொப்பியை எடுத்துவர நினைத்தவர் எத்தனைபேர் இருந்திருப்பார்கள்? அதற்கு முன் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் நாவலடியிலும் கல்லடியிலும் கல்லாற்றிலும் வீட்டோடு போனவற்றில் அந்தக் கொப்பிகளும்தான் இருந்தன. நெடுநாள் நோயில் பழைய படமும் பழைய குறிப்பும் மருந்துக்கு அடுத்த முக்கியமானவை. முன்பு இருந்த நிழல் இது, இப்போது வந்தது இது என்று ஒப்பிட்டுத்தான் வைத்தியர் முடிவெடுக்கிறார். நம் நோயாளர்களில் ஒரு தலைமுறை அந்த ஒப்பீட்டுக்கான முதற்படத்தையே இழந்தவர்கள்.

இன்று நிலை மேம்பட்டிருக்கிறது. மட்டக்களப்பிலேயே புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. அம்பாறையின் கரையோரத்திலிருந்தும் அங்கே வருகிறார்கள். 2013இல் கல்லடியில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் வந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும், பாதை என்னும் படகுக்குக் காத்துக்கிடந்து வாவியைக் கடந்த கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனத்துக்கு வைத்தியசாலை கிட்ட வந்தது. ஒரு பாலத்தை நான் சுகாதார வசதி என்றே எண்ணுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்காகப் போய்வரவேண்டிய ஒருவருக்கு, மண்முனைப் பாலம் ஒரு வார்ட்டுக்குச் சமம்.

ஆனால் 2022 நமக்கு வேறொன்றைக் காட்டியது. நாடு கடனைக் கட்டமுடியாமல் நின்ற அந்த வருடம், வைத்தியசாலைகளில் மருந்தில்லை. பெற்றோல் வரிசையில் நின்றவர்களுள் மறுநாள் கிளினிக் போகவேண்டியவர்களும் இருந்தார்கள். இருமலுக்கோ காய்ச்சலுக்கோ மருந்தில்லாவிட்டால் நாலு நாள் பொறுக்கலாம். ஒவ்வொரு நாளும் குளிசை எடுத்து ஒரு கட்டியை அடக்கிவைத்திருக்கிறவருக்கு இடைவெளி என்பது வேறு விடயம். பல வருடம் காத்த வாழ்வு சில வாரத் தட்டுப்பாட்டில் சறுக்கக்கூடும். இந்த நோயாளர் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்போடு நேரடியாகப் பிணைக்கப்பட்டவர்கள். அது அவர்கள் தேடிக்கொண்ட பிணைப்பல்ல.

காரணங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நுரையீரல் புற்றுநோய் என்றதும் முதற்கேள்வி, "சிகரெட் குடிப்பாரா?" என்பதுதான். புகையிலையே தலையாய காரணம், அதில் ஐயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கையை 2003இலேயே ஏற்று, 2006இல் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டத்தை இயற்றி, 2015 முதல் பெட்டியின் 80 சதவீதத்தில் எச்சரிக்கைப் படம் போடவைத்த நாடு இது, அதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் உலகெங்கும் இந்த நோய் கண்டவர்களில் பத்தில் ஒருவரிலிருந்து நான்கில் ஒருவர்வரை புகைத்தவர்களல்லர். அந்தத் தாயிடம் இந்தக் கேள்வியைக் கேட்பவர், அவருடைய சமையலறைப் புகையைப் பற்றிக் கேட்பதில்லை. தலைக்கு மேலுள்ள கூரையைப் பற்றியும் கேட்பதில்லை. போருக்குப் பின்னும் சுனாமிக்குப் பின்னும் இந்தக் கரையெங்கும் எழுந்த வீடுகளில் எத்தனை அஸ்பெஸ்டஸ் தகடு போட்டவை! தகடு முழுசாக இருக்கும்வரை ஆபத்துக் குறைவு. அறுக்கும்போதும் உடையும்போதும் புயலில் நொறுங்கும்போதும்தான் அதன் நார்கள் மூச்சோடு உள்ளே போகின்றன. படிப்படியாக அதைத் தடைசெய்ய இலங்கை முடிவெடுத்தபோது, 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸைப் பெருமளவில் உற்பத்திசெய்யும் நாடு ரஷ்யா. சில நாட்களிலேயே தடை தள்ளிப்போடப்பட்டது, தேயிலையும் மறுபடி போனது. வருத்தக்காரரைக் குற்றவாளியாக்கும் கேள்வியைக் கேட்கும்முன் இந்த வரலாற்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும். புகைத்தவராகவே இருந்தாலும், நோய் வந்தபின் அவருக்குத் தேவை பராமரிப்புத்தான். அந்தக் கேள்வி அவரைக் கிளினிக்குக்குப் பிந்தி வரச்செய்கிறது.

இனிக் குடும்பம். "அம்மாக்கிட்டச் சொல்லிராதீங்க டொக்டர்" என்ற வேண்டுகோளை நம் வைத்தியர்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள். அன்பினால் வரும் வேண்டுகோள் அது. மூன்று மாதத்தில் முடிந்துவிடும் நோய்க்கு அந்த மறைப்பு ஏதோவொரு வகையில் தாங்கியது. சளி என்றோ நுரையீரலில் நீர் என்றோ சொல்லிக் கடைசிநாள்வரை கொண்டுபோனார்கள். ஐந்து வருடம் நாள்தோறும் ஒரே நேரத்தில் குளிசை விழுங்கவேண்டியவரிடம் எதைச் சொல்லி மறைப்பது? முகத்திலும் நெஞ்சிலும் பருக்கள் கிளம்பும், நகத்தோரம் வெடிக்கும், வயிற்றோட்டம் வரும். காரணம் தெரியாதவர் குளிசையை நிறுத்திவிடுவார். இப்போது மூச்சுவாங்கினால் அது நோயா, மருந்தால் நுரையீரலில் வந்த அழற்சியா என்று உடனே போய்க் காட்டவேண்டும். தெரியாதவர் மறுகா பார்க்கலாம் என்று வீட்டிலிருந்துவிடுவார். நெடுங்கால வாழ்வுக்கு நோயாளியின் அறிவே முதல் மருந்தாகிவிட்டது. ஆகவே இந்த மறைப்பைக் கைவிடத்தான் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். சொல்லும் முறையைக் கற்றுக்கொள்ளலாம்: மெதுவாக, அவர் கேட்கும் அளவுக்கு, கூடவே ஒருவரை வைத்துக்கொண்டு. கிழக்கில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு பெண்பிள்ளைக்குப் போகும் வழக்கம் உண்டு. நோயுற்ற தாய் தன் வளவிலேயே, மகளோடு, சகோதரிகள் அடுத்தடுத்த வீட்டில் இருக்க வாழ்கிறார். இப்படி நெடுநாள் பராமரிப்புக்கு ஏற்ற அமைப்பு எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அந்த மகள்களில் எத்தனைபேர் இன்று சவூதியிலும் குவைத்திலும் வீட்டுவேலை செய்கிறார்கள்! மருந்துச் செலவுக்காகவே போனவர்களும் அவர்களில் உண்டு. வளவு இருக்கிறது; பார்க்க ஆளில்லை.

ஊர் என்ற அளவில் நாம் கொடுப்பதற்குப் பின்நிற்பவர்களல்லர். 2011இல் நிதி சேர்ப்பதற்காகப் பலர் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்தார்கள். அதில் சேர்ந்த பணத்தால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் எதிர்த்திசையில் நடந்து கராப்பிட்டிய வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்தார்கள். கதீஜா பவுண்டேஷன் பொதுமக்களிடம் சேர்த்த நிதி மகரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் பொறியை வாங்கப் பயன்பட்டது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே உண்டியலில் போட்ட பணம் அது. இவற்றை நான் நெஞ்சார மதிக்கிறேன். ஆனால் கட்டடமும் பொறியும் ஒரு தடவை திறந்துவைக்கப்படுபவை. அந்தத் தாய்க்குத் தேவையான குளிசை ஒவ்வொரு மாதமும் வரவேண்டும். பன்னிரண்டாவது மாதமும், நாற்பத்தெட்டாவது மாதமும். அதற்குத் திறப்புவிழாவோ பெயர்ப்பலகையோ கிடையாது. அதனால் அரசியல்வாதிக்கும் கொடையாளருக்கும் அதில் நாட்டம் வருவது கடினம். நமது பதிவேடுகளும் முதன்மையாகப் புதிதாக நோய் கண்டவர்களைத்தான் எண்ணுகின்றன. நோயோடு இத்தனை வருடம் வாழ்ந்துகொண்டிருப்பவர் இத்தனைபேர் என்ற கணக்கு இல்லாமல், அடுத்த வருடத்துக்கு எத்தனை பெட்டி குளிசை வேண்டுமென்று எப்படிக் கேட்பது?

ஆகவே கேட்கவேண்டியவை பெரிய காரியங்களல்ல. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் நுரையீரல் புற்றுநோய் உறுதியாகும் ஒவ்வொருவருடைய சதைத்துண்டும் மரபணுப் பரிசோதனைக்குப் போகவேண்டும். போய்ச் சேர்ந்ததா, முடிவு வந்ததா என்று பார்க்க ஓர் ஆள் பொறுப்பாக இருக்கவேண்டும். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலைகளில் தொடர்ந்து இருமுகிற, புகைக்காத பெண்ணையும் ஸ்கேனுக்கு அனுப்பும் வழக்கம் வரவேண்டும். சயரோகச் சோதனை இல்லையென்று வந்தால் அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது. கட்டுப்பட்ட நிலையிலுள்ளவருக்கு மாதக் குளிசையை அவருக்குக் கிட்டவுள்ள வைத்தியசாலையிலேயே கொடுக்கலாம். ஸ்கேனுக்கும் நிபுணரைக் காணவும் மட்டும் நகரத்துக்கு வந்தால் போதும். கிளினிக் கொப்பியின் பிரதி ஒன்று கணினியில் இருக்கட்டும். வெள்ளமோ புயலோ அள்ளிக்கொண்டு போனாலும் முதற்படம் மிஞ்சும்.

ஜெபிட்டினிப், எர்லோட்டினிப் வகைக் குளிசைகளை உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தியாவில் பல நிறுவனங்கள் அவற்றை மலிவாகச் செய்கின்றன. சென்னைக்கும் கொழும்புக்கும் ஒன்றரை மணிநேர விமானத் தூரந்தான். ஒசிமெர்ட்டினிப்பும் லோர்லாட்டினிப்பும் எதிர்ப்புச்சக்தி மருந்துகளும் இன்னும் விலைகூடியவை. அவற்றுக்கான போராட்டம் நீண்டது, நாடளவில் நடக்கவேண்டியது. மலிவான முதற்குளிசை அப்படியல்ல. அது மட்டக்களப்பின் மருந்தகத்தில் எந்த மாதமும் தீர்ந்துபோகாமல் இருப்பதை இப்போதே உறுதிசெய்ய முடியும். சுகாதார அமைச்சிடமும், அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வாவியின் இரண்டு கரைக்கும் வரப்போகிறவர்களிடமும், முதலில் இதைத்தான் கேட்கவேண்டும்.